ஆக்ஸிலேட்டருக்குக் கீழே ஒரு போல்ட்

"எத்தனை வயசுல ஓட்டக் கொடுக்கலாம்?" மண்தடத்தில் ஓடும் சின்னக் கார்ட் (பிள்ளைகள் ஓட்டுகிற குட்டிக் கார்) எங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். நான் வயதைச் சொல்வதில்லை. பிள்ளை சைக்கிளில் வரும்போது 'நில்' என்று சொல்லிப் பாருங்கள். பிரேக்கைப் பிடிக்கிறதா, இல்லை காலைத் தரையில் தேய்க்கிறதா? இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் வரிசை மாறாமல் செய்கிறதா? தோற்கப்போகிற விளையாட்டைக் கடைசிவரை ஆடுகிறதா, பாதியில் கலைத்துவிட்டு எழுந்து போகிறதா? இதற்கெல்லாம் நல்ல பதில் கிடைத்து, கால் பெடலுக்கு எட்டினால் பேசலாம். பத்து வயதில் தயாராகாத பிள்ளையும் உண்டு, ஏழில் தயாராகிற பிள்ளையும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம், ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கர மண்தட வண்டியை 16 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டவே கூடாது என்கிறது. ஏ.டி.வி.யில் மோட்டார் சைக்கிள் மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். கவிழ்ந்தால் வண்டி ஆள்மேல் விழும். கார்ட்டில் இருக்கை தாழ்வு, சுற்றிக் கூண்டு, உடம்பைக் கட்டிப்போடும் பெல்ட். ஆனாலும் பிள்ளைகளின் பலமும் நிதானமும் இரண்டு வண்டிக்கும் ஒன்றுதானே. அதனால், 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று முடிவெடுக்கிற பெற்றோரோடு நான் வாதாடுவதில்லை. வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் இது.

என்னிடம் கற்றுக்கொள்பவர்கள் மூன்று பேர். என் மகள், தம்பியின் இரண்டு பையன்கள். பெரியவன் எதையும் கழற்றிப் பார்க்கிற ரகம். சின்னவனுக்கு இன்ஜின் சத்தம் கேட்டாலே கால் தரையில் நிற்காது. என் மகள் ரொம்ப ஜாக்கிரதைக்காரி. ஜாக்கிரதையாக இருப்பவர்கள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், அவள் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வண்டியில் ஆக்ஸிலேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு நீளமான போல்ட் உண்டு. அதை மேலே ஏற்றிவைத்தால் பெடல் கொஞ்ச தூரம் போய் அதில் முட்டி நின்றுவிடும். இறக்கினால் முழுசாக அமுங்கும். ஏற்றிய இடத்தில் அசையாமல் இருக்க ஒரு பூட்டு நட்டு. சிறுவர் கார்ட்டுகள் பலவற்றிலும் இப்படி ஒன்று இருக்கும். பல வீடுகளில் அது இருப்பதே தெரியாது. நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இந்தப் போல்ட்டைப் பற்றித்தான். பிள்ளையிடம் 'மெதுவாப் போ' என்று சொல்லிவிட்டு முழுப் பெடலையும் கையில் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மெதுவாகப் போவது அவர்களுடைய நல்ல குணத்தைப் பொறுத்த விஷயமாக இருக்கக் கூடாது. வண்டியால் அதற்கு மேல் போக முடியக் கூடாது, அவ்வளவுதான்.

வேகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமந்துகொண்டு போகிற ஆற்றல் நான்கு மடங்காகும். 10 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் 2 மீட்டரில் நிற்கிற வண்டி, அதே மண்ணில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிற்க 8 மீட்டர் எடுக்கும். அதுவும் பிரேக்கில் கால் அழுந்தியபிறகுதான். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. 'அய்யோ' என்று நினைத்துக் கால் நகர ஒரு வினாடி ஆனால் அந்தத் தூரமும் சேர்ந்துகொள்ளும். பெரியவனுக்கு இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். 'அப்ப முப்பதுல?' என்று அவனே பெருக்கிப் பார்த்தான். 18 மீட்டர் என்று வந்ததும் தடத்தின் கடைசிவரை நடந்து அளந்துவிட்டு வந்தான்.

போல்ட் எப்போது இறங்கும் என்பதற்கு ஒரே ஒரு விதி. இப்போதிருக்கிற வேகத்தில், நிற்கச் சொல்லி நான் எந்த இடத்தில் சிவப்புத் துணியைத் தூக்கினாலும், பின்பக்கம் வழுக்காமல் நேராக நிறுத்த வேண்டும். ஒருநாள் நிறுத்தினால் போதாது, வேறொரு நாளும் அதேபோல் நிறுத்த வேண்டும். அப்புறம் ஒரு சுற்று இறக்குவேன். 'அத்தை, ரெண்டு சுத்தா இறக்குங்க' என்று சின்னவன் கெஞ்சுவான். பிறந்தநாள், நல்ல மார்க், வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி, எதற்கும் போல்ட் நகராது. ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கும்.

இன்ஜினிலேயே கவர்னர் என்று ஒன்று இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். கார்ட்டில் வரும் சின்னப் பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் தோட்ட இயந்திரம், பம்பு மாதிரி வேலைகளுக்காகச் செய்தவை. நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்கு மேல் போகாமல் கவர்னர் பிடித்து வைத்திருக்கும். அது இன்ஜினுக்கான பாதுகாப்பு. பிள்ளைக்கான வேகம் அதைவிடக் குறைவு. கூடுதல் வேகத்துக்காகக் கவர்னரைக் கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிளைவீலும் கனெக்டிங் ராடும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படி மாற்றிய வண்டியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏற மாட்டார்கள்.

முதல் பாடத்தில் இன்ஜின் ஓடாது. பிள்ளை உள்ளே உட்காரும், நான் பின்னால் இருந்து தள்ளுவேன். வேலை ஒன்றே ஒன்று: நான் சொன்னதும் இடது காலால் பிரேக்கை அமுக்கி நிறுத்துவது. வலது கால் ஆக்ஸிலேட்டர், இடது கால் பிரேக், இது உடம்பில் ஏற வேண்டும். தள்ளுகிறவருக்கு முதுகு வலிக்கும், உண்மைதான். ஆனால் அந்தச் சத்தமில்லாத நேரத்தில் பிள்ளையின் முகத்தையும் காலையும் பார்க்க முடிகிறது. பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டியரிங்கைச் சேர்த்து இழுக்கிறதா, இருக்கையில் முன்னால் சரிகிறதா, பெடலைத் தேடக் கீழே குனிகிறதா, எல்லாம் தெரியும். இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

பெடலைத் தேடுகிறதென்றால் உட்காரும் இடம் சரியில்லை. பெடலை முழுக்க அமுக்கிய நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். முதுகு சாய்வில் ஒட்டியிருக்க, முழங்கை மடங்கியபடி கை ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். எட்டவில்லையென்றால் இருக்கையை முன்னே நகர்த்தலாம், முதுகுக்குப் பின்னால் நழுவாத கெட்டியான திண்டு வைக்கலாம். பெடலில் கட்டையைக் கட்டுவது மட்டும் கூடாது. ஒரு குலுக்கலில் அது கழன்று பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் பிரேக்கே அமுங்காது. பெல்ட்டில் இடுப்புப் பட்டைதான் முதலில். வயிற்றின்மேல் கிடக்காமல் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாக உட்கார வேண்டும், அதை இறுக்கியபிறகு தோள்பட்டைகள். தோளை முதலில் இறுக்கினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். 'ரொம்ப டைட்டா இருக்கு' என்று முகம் சுளித்தால் ஏறக்குறைய சரி என்று அர்த்தம்.

ஹெல்மெட்டில் எனக்கு ஒரு பிடிவாதம். பெரியவர்கள் ஹெல்மெட்டைத் துணி வைத்து அடைத்துப் பிள்ளைக்கு மாட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்து மெலிது. அதன்மேல் கனமான ஹெல்மெட்டை ஏற்றினால் குலுங்குகிற மண்தடத்தில் கழுத்துதான் வேலை செய்கிறது. ஸ்னெல் என்ற அமெரிக்க ஹெல்மெட் சோதனை அமைப்பு, சிறுவர் மோட்டார் பந்தயத்துக்கென்றே சி.எம்.ஆர். என்ற தரத்தை 2007-ல் கொண்டுவந்தது. அதில் எடைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது பட்டையைப் போட்டுவிட்டு, பின்பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கழன்று முன்னால் உருண்டு வந்தால் அது உங்கள் பிள்ளையின் அளவு இல்லை. வாயையும் தாடையையும் மூடுகிற முழு ஹெல்மெட்தான், கண்ணுக்குக் கண்ணாடி. மண் தெறித்து ஒரு கண் மூடிக்கொண்டால் மிச்சப் பாடம் எல்லாம் வீண்.

தலைமுடி, துப்பட்டா, தொங்குகிற கயிறு வைத்த மேல்சட்டை, இந்த மூன்றில் சமாதானமே கிடையாது. பின்னால் செயினும் சுழலும் அச்சும் இருக்கின்றன. நீள முடியோ துணியோ அதில் சிக்கிப் பிள்ளைகள் உயிரிழந்திருக்கிறார்கள். மகளின் பின்னலை மடித்துக் கட்டி, சட்டைக் காலருக்குள் தள்ளி, அதற்குமேல் ஹெல்மெட். செயினுக்கும் சைலன்சருக்கும் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் குழாயைத் திறப்பேன்.

சரி, அவள் விஷயம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் மகள் இரண்டு பெடலையும் ஒன்றாக மிதித்தாள். வண்டி நகர்ந்தது, ஆனால் முக்கிக்கொண்டு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. இந்த வண்டிகளில் இருப்பது சுற்றும் வேகத்தில் தானாகவே பிடித்துக்கொள்கிற கிளட்ச். உள்ளே இருக்கும் கட்டைகள் இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது விரிந்து வெளி உருளையைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் சுருங்கி விட்டுவிடும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் உரசிக் கருகும். அவளைத் திட்டுவதில் பயனில்லை, பயத்தில்தான் இடது காலைத் தயாராக வைத்திருந்தாள். பிரேக்கில் கால் இருந்தால் வலது காலின் விரல்கள் மேலே தூக்கியிருக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டாக்கினோம். சில நாளில் சரியாகிவிட்டது. உங்கள் வண்டியில் காலை எடுத்தபிறகும் வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தால் அது பிள்ளையின் தப்பு இல்லை. ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது, குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஓட்டும் இடத்தைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதில்லை. மேடு பள்ளம் இல்லாத, மரமும் கம்பமும் கம்பி வேலியும் பக்கத்தில் இல்லாத, வெறும் மைதானம் வேண்டும். கம்பி வேலி என்று தனியாகச் சொல்லக் காரணம், அது கூண்டின் கம்பிகளுக்கு நடுவே புகுந்துவிடும். கோன் (அடையாளக் கூம்பு) வைத்து ஒரு நீள்வட்டம் போட்டால் போதும். கொஞ்ச நேரம் ஓட்டியதும் திருப்பங்களில் சக்கரம் மண்ணைத் தள்ளிப் பள்ளம் பறித்துவிடும். அதுதான் ஆபத்து. கார்ட் சமதளத்தில் லேசில் கவிழாது, தாழ்வான வண்டி. பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போகும்போது சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் தட்டினால்தான் புரளும். அதனால் கோன்களை அடிக்கடி நகர்த்துவோம், பள்ளத்தை மண்வெட்டியால் நிரவுவோம். நிரவுகிற வேலை பையன்களுடையது. முனகிக்கொண்டேதான் செய்வார்கள், ஆனால் தான் பறித்த பள்ளத்தைத் தானே மூடும்போது அடுத்த முறை எங்கே காலை எடுக்க வேண்டும் என்று கொஞ்சம் புரிகிறது.

திருப்பத்தில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். காரணம் வண்டியின் அமைப்பு. காரில் திரும்பும்போது பின்சக்கரங்கள் இரண்டும் வேறுவேறு வேகத்தில் சுற்றிக்கொள்ளும். கார்ட்டுகள் பலவற்றில் பின்னச்சு ஒரே கம்பி; இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைந்த தூரம், வெளிப்பக்கத்துக்கு அதிகத் தூரம். ஏதாவது ஒன்று வழுக்கினால்தான் வண்டி திரும்பும். இல்லையென்றால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பிள்ளை பயந்து இன்னும் திருப்பும், அதனால் ஒன்றும் ஆகாது. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் சாய்ந்து முன்சக்கரம் மண்ணைக் கவ்வும், வண்டி திரும்பிவிடும். 'திரும்பலைன்னா கைக்கு வேலை இல்ல, காலுக்குத்தான் வேலை.' இதைப் பெரியவன் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒட்டுக்கேட்டேன். என்னைவிட நன்றாகச் சொன்னான்.

பிரேக் பெரும்பாலும் பின்னச்சில் மட்டும்தான் இருக்கும். திருப்பத்தின் நடுவில் அழுத்தி மிதித்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வால் முன்னால் வந்துவிடும். ஆகவே நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் திருப்ப வேண்டும். அதையும் மீறிச் சுழன்றுவிட்டால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். கோனைப் பார்த்தால் கோனில்தான் மோதும். அடுத்த திருப்பத்தில் நான் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுவேன், எத்தனை என்று வந்து நின்றதும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் சக்கரத்துக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

கட்டைவிரல் ஸ்டியரிங்கைச் சுற்றி உள்ளே போகக் கூடாது, விளிம்பின்மேல் படுத்திருக்க வேண்டும். முன்சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று திரும்பும், அதன் குறுக்குக் கம்பி விரலை ஒடித்துவிடும். வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றத் தோன்றும், அது இயல்பு. கூண்டுக்கும் தரைக்கும் நடுவே கை போனால் நசுங்கும். பக்கவாட்டில் வலை கட்டியிருந்தால் நல்லது. வலை இருந்தாலும் சாய்வது மாதிரி வண்டியை நாங்கள் கையால் ஆட்டுவோம், 'ஸ்டியரிங், ஸ்டியரிங்' என்று கத்திக்கொண்டே அதை இறுகப் பிடிக்கப் பழக்குவோம்.

வெளியேறும் பயிற்சியும் உண்டு. இன்ஜின் நின்ற வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, வெளியே வர வேண்டும். ஆனால் இதோடு இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன்: கவிழ்ந்துவிட்டால், தீயோ பெட்ரோல் வாடையோ இல்லாதவரை, பெல்ட்டைக் கழற்றாமல் நான் வரும்வரை இருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும்போது கையைக் கூண்டின் கூரையில் ஊன்றாமல் பெல்ட்டை விட்டால் தலையில்தான் விழுவோம்.

ஹெல்மெட்டும் இன்ஜின் சத்தமும் சேர்ந்தால் நம் குரல் அவர்களுக்குக் கேட்காது. ஓரத்தில் நின்று கத்துகிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சிவப்புத் துணி போதும். தூக்கினால் நில், ஏன் என்று அப்புறம் கேள். காரணமே இல்லாமலும் தூக்குவேன். அது நியாயமில்லை என்று சின்னவன் ஒருநாள் சண்டைக்கு வந்தான். 'காரணம் இருக்கா இல்லையான்னு யோசிக்கற நேரத்துல வண்டி எவ்வளவு தூரம் போகும்?' என்று கேட்டேன். அவனுடைய அண்ணன்தான் ஐந்தரை மீட்டர் என்று பதில் சொன்னான்.

துணி தவிர, தூரத்தில் இருந்தே இன்ஜினை நிறுத்தும் ரிமோட் சுவிட்சும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் அது வேலை செய்கிறதா என்று சோதித்துவிடுவேன். நிற்கும் இடமும் முக்கியம். வண்டிக்கு நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது, இன்ஜினைக் கிளப்பும்போதும்தான். திருப்பத்தின் வெளிப்பக்கமும் கூடாது; தப்பு நடந்தால் வண்டி அங்கேதான் வரும்.

பிள்ளைகளைவிட எனக்குச் சிரமம் கொடுப்பவர்கள் பெரியவர்கள். 'குட்டிப் பாப்பாவ மடியில வெச்சு ஒரே ஒரு ரவுண்டு', 'போட்டோ எடுக்கணும், ஹெல்மெட்ட ஒரு நிமிஷம் கழட்டு', 'பையன்னா கொஞ்சம் விழுந்து எழுந்தாத்தான்.' ஒற்றை இருக்கை வண்டியில் ஒருவருக்குத்தான் பெல்ட். அதற்குமேல் நான் விளக்கம் சொல்வதில்லை. என் தம்பியே, 'அக்கா, நீ பள்ளிக்கூடம் மாதிரி நடத்தற, பசங்களுக்கு ஜாலி போயிடும்' என்பான். ஜாலி எங்கும் போகவில்லை. நான் 'போதும்' என்றால் மூன்று பேரும் ஒரே குரலில் முறையிடுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் ஒரேயடியாக ஓட்ட விடுவதில்லை. ஹெல்மெட்டுக்குள் சூடு ஏறிக் களைப்பு வந்தபிறகு கால் தாமதமாகத்தான் அசையும், அது அவர்களுக்கே தெரியாது. இறங்கி, தண்ணீர் குடித்து, அடுத்தவர் ஏற வேண்டும். பெட்ரோல் ஊற்றுவது இன்ஜின் ஆறியபிறகு, நான் மட்டும்.

ஏறும் முன் வண்டியைச் சுற்றி வருவது அவர்கள் வேலை. சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பது, பெடலை அமுக்கி விட்டால் தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது, செயினை விரலால் அழுத்தி அரை அங்குலம் தொய்வு இருக்கிறதா என்று பார்ப்பது. செயினைத் தொடுவது இன்ஜின் அணைந்து, ஸ்பார்க் பிளக் கம்பியைக் கழற்றியபிறகுதான். காத்திருப்பவர் கையில் சிவப்புத் துணியைக் கொடுத்துவிடுவேன், நான் பார்க்கத் தவறியதை அவர்கள் பார்க்கிறார்கள். ஒரு மாலை சின்னவன் துணியை உயர்த்தி என் மகளை நிறுத்தினான். 'அக்கா, பெல்ட் முறுக்கியிருக்கு.' ஆமாம், தோள்பட்டை ஒன்று முறுக்கிக் கிடந்தது. அன்றைக்கு இரண்டாம் முறை அவன் கையில் துணியைக் கொடுக்கச் சொல்லி அவனே கேட்டான், ஓட்டும் முறை அவனுடையதாக இருந்தும்.

இப்போது தம்பி அடுத்த வண்டி மின்சாரத்தில் ஓடுவதாக வாங்கலாம் என்கிறான். புகை இல்லை, சூடான சைலன்சர் இல்லை, உச்ச வேகத்தை அமைப்பிலேயே குறைத்து வைக்கலாம். எல்லாம் சரிதான். எனக்குள்ள தயக்கம் அதன் அமைதி. பெட்ரோல் வண்டி ஓடுகிறதா இல்லையா என்று சத்தமே சொல்லிவிடும்; இது அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு பிள்ளை பெடலில் கால் வைத்து ஏறினால், மோட்டார் முதல் நொடியிலேயே முழு இழுவையும் கொடுத்துவிடும். எதிரில் நிற்பவருக்கும் வருவது கேட்காது. வாங்கலாம், ஆனால் பிள்ளை இறங்குவதற்குமுன் சாவியைக் கழற்றிவிட வேண்டும் என்றேன். சாவி யார் கழுத்தில் தொங்கும் என்பதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.